ரேடியம் சாயம் கொட்டிய அச்சகத்துக்குள் போன டாக்டர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நகராட்சித் தலைவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் சிவகாசி அச்சக முதலாளி தங்கச்சாமி அவர்களே! தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! விருதுநகரிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பஞ்சம்மாள். மறைந்த நம் டாக்டர் பெத்தணன் அவர்களின் மருத்துவமனையில் நர்சு. "பஞ்சம்மா, நீ வார்டுல போடுற சத்தத்துக்கு மைக்கே வேண்டாம்" என்று டாக்டர் என்னைக் கேலி செய்வார். இன்று மைக்கின் முன் நிற்கிறேன். அவரைப் பற்றிப் பேசத்தான்.

எப்படிப்பட்ட மனிதர் அவர்! பனையிலிருந்து விழுந்தவர்களுக்கும், வண்டி ஏறிக் கால் ஒடிந்தவர்களுக்கும் இந்த வட்டாரத்தில் வேறு கதி ஏது? எக்ஸ்ரே வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே எலும்பைச் சேர்ப்பார். சின்னப் பிள்ளைகள் என்றால் கதிரைத் தடுக்கும் ஈயக் கையுறையைக் கழற்றி வைத்துவிடுவார். "அதப் பாத்தா புள்ள மிரளும்ல" என்பார். அப்படியே பல வருடம். நகம் கறுத்தது, தோல் வெடித்தது, கடைசியில் புற்று என்று மதுரையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கதிர்வீச்சு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை!

அறுபத்து நான்காம் வருடம், காலண்டர் சீசன். தங்கச்சாமி அவர்களின் அச்சகத்தில், முருகன் படத்தில் வேல் மட்டும் இருட்டில் ஒளிரவேண்டும் என்று பம்பாயிலிருந்து ரேடியம் சாயம் வாங்கியிருந்தார்கள். பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கித் தீட்டினார்கள். ஒருநாள் அலமாரி சரிந்து குப்பிகள் உடைந்தன. அவர்கள் முந்தானையால் துடைத்து, தரையைக் கழுவி, தண்ணீரை வாய்க்காலில் தள்ளிவிட்டார்கள்.

மறுநாள், அங்கே சாயம் தீட்டிய மாடத்தி, அதோ முன்வரிசையில் இருக்கிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தார். "அக்கா, ராத்திரி நான் முத்தங்குடுத்த எடமெல்லாம் புள்ள கன்னம் மின்னுச்சு. வீடே சிரிச்சுச்சு" என்றார். நானும் சிரித்துக்கொண்டே போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டச் சொல்லிவிட்டு, சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

அச்சகத்தில் முதலாளிக்குக் கோபம். "டாக்டர், ஆர்டர் நிக்குது. ஒரு குப்பிச் சாயத்துக்கு இம்புட்டுக் கூப்பாடா?"

டாக்டர் கைக்கட்டை அவிழ்த்துக் காட்டினார். "பாருங்க. எக்ஸ்ரே கதிர் செஞ்சது. ஒங்க சாயத்துலயும் கதிர்தான். இது சுடாது, நாறாது. அம்புட்டும் முடிஞ்ச பொறவுதான் வலிக்கும்."

தங்கச்சாமி அவர்கள் அந்தக் கையையே பார்த்தபடி நின்றார். பிறகு தாமே எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினார். அதை இந்தச் சபையில் நன்றியோடு சொல்கிறேன்.

"நாங்க சாகப்போறமா டாக்டரய்யா?" என்று மாடத்தி கேட்டார். "தெரியல தாயி. பொய் சொல்லமாட்டேன். ஆனா இனிமே ஒரு பொட்டு உள்ள போகவிடமாட்டேன். மாசாமாசம் வாங்க, நான் பாக்கேன்" என்றார்.

வாய்க்கால் ஓரத்துக் கிணறு முத்துக்கருப்பன் அவர்களுடையது. தண்ணீரும் வேண்டாம், அதைக் குடித்த மாட்டின் பாலும் வேண்டாம் என்றதும் அவர் கொதித்துப்போனார். "பாலு வெள்ளையாத்தானய்யா இருக்கு!"

"சீமையில அணு உலை தீப்பிடிச்சப்பவும் பாலு வெள்ளையாத்தான் இருந்துச்சு. ஊர் ஊரா வாங்கிக் கொட்டுனாக" என்றார் டாக்டர். கிணறு நல்லது என்று தெரியும்வரை எங்கள் மருத்துவமனையிலிருந்து வண்டியில் அவருக்குத் தண்ணீர் போனது.

அச்சகத் தரையைச் சுரண்டி எடுக்கவேண்டும். யார் உள்ளே போவது? டாக்டர் முகத்தில் துணியைக் கட்டினார், கையுறையை மாட்டினார். "ஐயா, நீங்க போகாதீக!" என்று நான் அழுதேன். "ஏற்கெனவே கெட்ட கை தாயி. இன்னொருத்தர் கை எதுக்கு?" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். சுரண்டிய மண்ணை இரும்புப் பீப்பாயில் அடைத்து, பம்பாய் அணுசக்தி அதிகாரிகள் கருவியோடு வந்து எடுத்துப்போகும்வரை காவல் வைத்தார்.

சாயம் தீட்டியவர்களில் சுப்புத்தாயை மட்டும் எங்களால் காப்பாற்ற முடியவில்லை. தூரிகையை அதிகம் வாயில் வைத்தவர் அவர். தாடை புண்ணாகி, ரத்தம் வற்றி, டாக்டரின் கையைப் பிடித்தபடி போனார்.

பிறகு அவர் கையிலிருந்த புற்று அக்குளுக்கு ஏறியது, மார்புக்குப் போனது. பழைய எக்ஸ்ரேயா, அந்த அச்சகத் தரையா? மதுரை மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை. நான் கேட்டபோது, "எதுவா இருந்தா என்ன? புள்ளைக நடக்குதுகள்ல" என்றார்.

தோழியரே! கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நமக்காகப் பார்த்தவர் போய்விட்டார். இனி நாம்தான் பார்க்கவேண்டும். எந்த முதலாளி எந்தச் சாயத்தைக் கொண்டுவந்தாலும், "இது என்ன?" என்று கேளுங்கள். பதில் வராமல் தொடாதீர்கள்! மருத்துவமனையை மூட மாட்டோம். புதிய டாக்டர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். சாயம் தீட்டியவர்களுக்கு மாதப் பரிசோதனை நாளைக் காலை. மாடத்தி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் வாசலில் நிற்பேன்.