வினாகிரிச் சோறு

அரிசி களைவதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள், மேடம். இரண்டு தண்ணீர் ஊற்றி அலசினோமா, அடுப்பில் போட்டோமா என்று இருந்துவிடுகிறார்கள். ஜப்பான்காரர்கள் பச்சை மீன் வைத்துச் சாப்பிடுகிற சுஷிச் சோற்றுக்கு அது சரிப்படாது. ஆறு தண்ணீராவது மாற்ற வேண்டும், பாத்திரத்தின் அடி கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும். அழுத்தித் தேய்த்தால் அரிசி நொறுங்கும். பச்சைப்பிள்ளையின் தலையைக் கழுவுகிற மாதிரிக் கழுவ வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்கிறீர்கள். அதைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு நடந்தது முழுக்கச் சோறுதான். அதை விட்டுவிட்டுச் சொன்னால் என்னைப் புத்தி கலங்கியவன் என்று எழுதிவிடுவீர்கள். எனக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. அந்த ஏட்டம்மாவை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். நானாகத்தானே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன், ஓடிப்போகவா வந்தேன்?

பெயர் கிளாட்வின். வயது அறுபத்திரண்டு. முப்பத்தைந்து வருஷம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரன். கடைசி எட்டு வருஷம் ஜப்பான்காரர்களின் கப்பல். அங்கே ஒரு கேப்டன் இருந்தார், லேசில் வாய் திறக்க மாட்டார். நான் பழகிச் செய்த சுஷிச் சோற்றில் முதல் வாய் எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும் என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். அத்தனை பெரிய கப்பலை ஓட்டுகிற மனுஷன் எனக்குத் தலை குனிந்தார். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட அடையவில்லை.

சொந்த வீட்டில் என் கதை வேறு. திரேஸ்புரத்தில் எங்கள் தெருவில் போய் விசாரித்துப் பாருங்கள். கப்பல் ஆபீசர் வீடா, அந்தா இருக்கு என்று கை காட்டுவார்கள். கோயிலில் ஆபீசர், என் மனைவி வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஆபீசர், மகள் கல்யாணப் பத்திரிகையில் ஆபீசர். எல்லாம் அவள், அந்த விக்டோரியா டீச்சர், சொல்லி வைத்ததுதான். லீவில் வந்தால் அடுப்படியில் என் நிழல் விழக்கூடாது. ஒரு மீனைத் துண்டு போட உட்கார்ந்தால்கூட, "கத்திய வச்சிட்டு வாங்க. நீங்க புடிக்கிற புடியப் பாத்தாலே ஊருக்குத் தெரிஞ்சிரும்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நான் கத்தியை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். இருபத்துநாலு பேருக்கு மூன்று வேளை வடித்துக் கொட்டிய கையை என் வீட்டிலேயே ஒளித்து வைக்க வேண்டியிருந்தது.

ரிட்டயர் ஆகி வந்ததும் இனிமேல் ஒளிக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். ஜப்பான் அரிசிக்கு இங்கே எங்கே போவது? தேடித் தேடி ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு மில்லில் அம்பை பதினாறு என்கிற ரகத்துப் பச்சரிசி பிடித்தேன். குட்டை அரிசி, கொஞ்சம் தடிப்பு. நாலு தடவை குழைந்து கஞ்சியாகிவிட்டது. ஐந்தாம் தடவை கையில் பிடித்தால் பிடித்தபடி நின்றது. அழுதே விட்டேன், மேடம். அதையும் எழுதிக்கொள்ளலாம்.

வினாகிரியில், அதுதான் வினிகரில், சீனியும் உப்பும் போட்டு இளஞ்சூடாக்கிச் சோற்றில் ஊற்ற வேண்டும். கொதிக்க விட்டால் நெடி ஏறும். ஆரம்பத்தில் ஒரு நாள் கவனம் பிசகிக் கொதித்துவிட்டது. பக்கத்து அறையில் படுத்திருந்த விக்டோரியாவுக்கு இளைப்பு வந்துவிட்டது. அவளுக்கு இருபது வருஷமாக ஆஸ்துமா. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். "வினாகிரி நெடி இவங்களுக்கு ஆகவே ஆகாது சார், அடுத்த தடவை இவ்வளவு லேசா விடாது" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். நான் ஒன்றை ஒரு தடவை கேட்டால் மறப்பதில்லை. சமையல்காரனுக்கு அது வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் பூசைக்குப் போகிற நேரமாகப் பார்த்துத்தான் செய்தேன். எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துச் செய்தேன். எட்டு மாதம் அப்படித்தான். பெண்டாட்டிமேல் அக்கறை இல்லாதவனா இப்படிச் செய்வான்?

போன ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் கோயில் பங்குச் சபையில் நாலு பேரையும் விக்டோரியாவின் தம்பி ஜேசுபாதத்தையும் அழைத்திருந்தேன். எல்லாரும் என் சோற்றைச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் நான் எழுந்து நின்று, இதுதான் என் தொழில், நான் சமையல்காரன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. ஊர் சொத்தையா கேட்டேன்? விக்டோரியாவிடம் மட்டும் காதும் காதும் வைத்தாற்போல் மறைத்திருந்தேன். ஆனால் பூசை முடிந்த கையோடு சபைக்காரர் ஒருவர் அவளிடம், மத்தியானம் வாறோம் டீச்சர் என்று சொல்லிவிட்டார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அரிசி ஊறிக்கொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் போன் போட்டுட்டேன். உங்களுக்கு வயித்தால போவுதுன்னு சொல்லியாச்சு. யாரும் வரமாட்டாவ."

"எதுக்கு அப்படிச் செஞ்ச?" என்றேன்.

"முப்பத்திரண்டு வருசமா உங்க மானத்தக் காப்பாத்திட்டு வாரேன். இந்த வயசுல ஒரு தட்டு சோத்துக்காக அதக் கெடுத்துக்கிடாதீய. அரிசிய வடிச்சி வைங்க, ஆட்டி மாவாக்கிருதேன்."

சொல்லிவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள். என் மானமாம். எனக்குச் சுருக்கென்று தைத்தது அதுகூட இல்லை. ஆறு தண்ணீர் மாற்றிக் களைந்து ஊறவைத்த அரிசியை ஆட்டி மாவாக்குகிறேன் என்றாள் பாருங்கள், அப்போதுதான் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. கோபம் வரவில்லை. 

அரிசியை அடுப்பில் ஏற்றிவிட்டு ஜன்னல்களைச் சாத்தினேன். கடல் காற்று பட்டால் சோறு மேலாகக் காய்ந்துவிடும், விஷயம் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவள் படுத்திருந்த அறையின் ஜன்னலையும் சாத்தினேன். அந்த அறையில் சோறு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். தலைமாட்டில் இருந்த இன்ஹேலரை எடுத்தேன்.

"என்ன தேடுதீய?" என்றாள்.

"கண்ணாடி" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

இன்ஹேலரைக் கொண்டுவந்து அடுப்படியில் ஃபிரிட்ஜ்மேல் வைத்தேன். சோற்றுக்கு வேண்டிய வினாகிரியை அளந்து தனியாக எடுத்து வைத்தேன். மீதி இரண்டு பாட்டிலையும் பெரிய சட்டியில் ஊற்றித் தீயைக் கூட்டினேன். அறைக் கதவை நன்றாகத் திறந்து விட்டேன். என் கண்ணிலேயே தண்ணீர் கொட்டியது.

கொஞ்ச நேரத்தில் இருமினாள். பிறகு மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. "ஏங்க, இன்ஹேலரக் காணும்" என்றாள். "சோறு தம்முல இருக்கு. பத்து நிமிசம் மூடியத் தொறக்கக் கூடாது" என்றேன். அது சத்தியமான உண்மை. அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிஷம் மூடி இருந்தால்தான் சோறு உள்ளே வேகும்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசல்வரை வந்துவிட்டாள். ஃபிரிட்ஜ்மேல் இருந்ததைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையை நீட்டினாள். நான் அவளுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் நின்றேன், நகரவில்லை. தள்ளவும் இல்லை. கல்லறையைத் தோண்டி எடுத்துப் பார்த்தாலும் அவள் உடம்பில் ஒரு கீறல் இருக்காது. "கிளாட்வின்" என்றாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பத்து நிமிஷம் முடிந்ததும் மூடியைத் திறந்தேன். சோற்றை அகலமான மரத்தட்டில் பரப்பி, தனியாக வைத்திருந்த வினாகிரியை ஊற்றி, மரக்கரண்டியால் வெட்டி வெட்டிப் புரட்டினேன். கிண்டக் கூடாது, கிண்டினால் களியாகும். பிறகு ஓலை விசிறியால் ஐந்து நிமிஷம் விசிறினேன். ஒவ்வொரு பருக்கையும் மினுங்கியது. அவள் மூச்சு எப்போது நின்றது என்று கேட்டீர்களே, விசிறிக்கொண்டிருந்தபோதுதான். நான் விசிறியைக் கீழே வைக்கவில்லை.

சோற்றை ஈரத்துணியால் மூடினேன். கை கழுவினேன். ஜன்னல்களைத் திறந்தேன். இன்ஹேலரைக் குலுக்கி அவள் வாயில் வைத்து இரண்டு தடவை அழுத்தினேன். எனக்கு வயிறு சரியில்லை என்று கேள்விப்பட்டு ஜேசுபாதம் இளநீர் வாங்கிக்கொண்டு வந்தான். அவன் கண்ணில் பட்டது அந்தக் காட்சிதான். "அத்தான், நீங்க என்ன செய்ய முடியும்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கேஸே கிடையாது.

இன்று காலையில் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். கப்பல் ஆபீசர் திரு. கிளாட்வின் அவர்களின் அன்பு மனைவி என்று, அவள் படத்துக்குக் கீழே, முழ நீளத்துக்கு. செத்தும் அவள் விடவில்லை. அதனால்தான் நேராக இங்கே வந்தேன்.

உங்கள் காகிதத்தில் தொழில் என்ற இடத்தில் ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி என்று எழுதியிருக்கிறது. நான் இங்கே இருப்பதைக் கேள்விப்பட்டு ஓடி வந்த ஜேசுபாதம் சொல்லி எழுதியிருப்பீர்கள். அதை அடியுங்கள். சமையல்காரன் என்று எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவன் உங்களிடம் இன்னொன்று சொன்னதும் என் காதில் விழுந்தது. பெண் கேட்டு வந்த அன்றைக்கு அவன் அப்பாவிடம் ஆபீசர் என்று சொன்னது நான்தானாம். கல்யாணத்துக்குப் பிறகு என் பெட்டியைத் திறந்துதான் அக்காவுக்கு விஷயமே தெரிந்ததாம். என் தலை கவிழக்கூடாது என்று அவள் கடைசிவரை வாயைக் கட்டிக்கொண்டாளாம். சொன்னேன், இல்லை என்று எங்கே சொன்னேன்? பெண் கேட்கப் போன இடத்தில் நாலு வார்த்தை கூட்டிச் சொல்லாதவன் யார்? அதைத் திருத்திக்கொள்ள முப்பத்திரண்டு வருஷம் அவளுக்கு அவகாசம் கொடுத்தேன், மேடம்.

கொன்றது நான். அதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். பொய் சொன்னது அவள்.