நான்கு நிமிடத்தில் பதில் தரும் பக்கம்

பெயர்: லோர்னா ட்வெய்ட். வயது: 59. கணவர் பெயர்: ஓரின் ட்வெய்ட். முகவரி: 14, சர்ச் தெரு, ஆஸ்ட்ரூட், வடக்கு டகோட்டா. தொழில்: குடும்பத்தைக் கவனிப்பது. பள்ளத்தில் இறங்கிய, பழுதாகி நின்ற வண்டிகளை இழுத்து வரும் கணவரின் ரெக்கவரி வண்டித் தொழிலுக்கான இணையப் பக்கத்தையும் கடந்த ஆறு வருடங்களாக நான் ஒருத்தியே நடத்தி வருகிறேன்.

நான் இன்று 2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை காலை 10.20 மணிக்கு ஷெரிஃப் அலுவலகத்தில் துணை ஷெரிஃப் கென்ட்ரா ஓலெஸ்டாட் அவர்கள் முன்பாக நானாகவே வந்து இதைச் சொல்கிறேன். யாரும் என்னை அழைக்கவில்லை. வக்கீல் வைத்துக்கொண்டு பேசலாம் என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்றேன். என் கணவர் வெளியே வண்டியில் என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஜனவரி 26-ஆம் தேதி வெர்லின் ஸ்கார் என்பவர் பனியில் சிக்கி எங்கள் பக்கத்துக்கு எழுதியபோது அவருக்குப் போன பதில், பக்கத்தோடு கூடவே வருகிற, தானாகப் போகும் பதில் என்றும், அதில் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்றும் என் கணவர் 30-ஆம் தேதி கொடுத்த வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார். அது சரியல்ல. அந்தப் பதிலின் ஒவ்வொரு சொல்லும் நான் எழுதியது. நான் இப்படிச் சொல்வதால் விபத்து நடந்தால் வண்டி இழுக்க யாரைக் கூப்பிடுவது என்று இந்த அலுவலகம் வைத்திருக்கும் அழைப்புப் பட்டியலிலிருந்து எங்கள் வண்டிகள் நீக்கப்படலாம், காப்பீட்டுக்காரர்கள் கைவிரிக்கலாம் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். எங்கள் வேலையில் பாதி அந்தப் பட்டியலால் வருவது.

அந்தப் பக்கத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் படித்து, பிறகு மற்றக் கடைக்காரர்கள் தங்கள் பக்கங்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். தினமும் காலை ஆறு மணிக்கு எந்தச் சாலை வழுக்குகிறது, எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று போடுவேன். கவிழ்ந்த வண்டியின் படம் போட்டால் ஆயிரம் பேர் பார்ப்பார்கள் என்று தெரியும். ஆனாலும் ஒருவருடைய கெட்ட நாளை எங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று முதல் வருடமே ஜெபித்து முடிவெடுத்தேன். அதற்குப் பதிலாக எங்கள் நாய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போடுவேன். திட்டி எழுதுபவர்களுக்கு ஒரு முறை மரியாதையாகப் பதில் சொல்வேன், இரண்டாம் முறை சொல்வதில்லை. எழுதின ஒவ்வொருவருக்கும் அவர் பெயரைச் சொல்லிப் பதில் எழுதுவேன். யார், எத்தனை மணிக்கு எழுதினார், எத்தனை மணிக்கு நான் பதில் சொன்னேன் என்பதை ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். அந்த நோட்டைக் கொண்டு வந்திருக்கிறேன்.

வெர்லின் ஸ்காருக்கு வயது 77. மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். எங்கள் சபையில் மூன்றாம் வரிசையில் உட்காருபவர். நான் போடும் எல்லாவற்றுக்கும் முதல் லைக் அவருடையதாகத்தான் இருக்கும். அவருக்குக் காது மந்தம். காதில் வைத்திருக்கும் கருவி போனில் பேசினால் விசில் அடிக்கும். அதனால் போன வசந்தத்தில் அவர் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தபோது, இனி வண்டி நின்றால் பேச வேண்டாம், பக்கத்துக்கு எழுதுங்கள் என்று சொல்லி, எப்படி எழுதுவது என்று சமையலறை மேஜையில் வைத்து நான்தான் அவருக்குக் காட்டிக் கொடுத்தேன்.

போன அக்டோபரில், யாராவது எழுதின உடனே தானாகப் போகும் ஒரு முதல் பதிலை அமைத்தேன். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தால் கை கழுவி வருவதற்குள் அவர்களுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும், பின்னாலேயே நான் வந்துவிடுவேன் என்பதுதான் யோசனை. பக்கத்தோடு வருகிற வாசகம் ஒன்று இருந்தது. செய்தி கிடைத்தது, விரைவில் தொடர்பு கொள்வோம் என்று வறட்சியாக இருந்தது. அதை அழித்தேன். மெஷின் பேசுவது போல இருக்கக் கூடாது, வீட்டு வாசலில் நின்று பேசுவது போல எழுத வேண்டும் என்று படித்திருந்தேன். ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். அது இதுதான்:

"உங்க மெசேஜ் பார்த்தேன். பயப்படாதீங்க. வண்டிக்குள்ளயே கதகதப்பா இருங்க, வெளியில நடந்து போகாதீங்க. நாங்க வந்துட்டே இருக்கோம். கர்த்தர் துணை. - லோர்னா."

இதை எழுதிய நேரத்தில் அந்த மெசேஜை நான் பார்த்திருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். சில நிமிடங்களில் பார்க்கப் போகிறோமே, அதனால் இது பொய் ஆகாது என்று எடுத்துக்கொண்டேன். டிசம்பர் முடியும் வரை ஒரு முறை கூட அது பொய்யாகவில்லை. நோட்டில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பக்கத்தைத் தொடுவதில்லை. அது ஓய்வுநாள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பதிலை எடுத்துவிட்டு, இன்று நாங்கள் ஆலயத்தில் இருக்கிறோம், அவசரம் என்றால் ஓரினின் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், பேச முடியாதவர்கள் 911 அவசர உதவி எண்ணுக்கு எழுதுங்கள் என்று வேறொன்றை வைப்பேன். ஜனவரி முதல் வாரம் தொடங்கி அப்படி மாற்றுவதை நிறுத்திவிட்டேன். மறதியால் அல்ல. சீக்கிரம் பதில் சொல்லும் பக்கங்களுக்குப் பெயருக்குக் கீழே ஒரு பச்சை அடையாளம் தருகிறார்கள். எங்களுடையது கிறிஸ்துமஸ் சமயத்தில் போய்விட்டது. ஞாயிறு வாசகத்தால்தான் போனது என்று நினைத்தேன். அது உண்மையா என்று எனக்கு இன்று வரை தெரியாது. இந்த மாவட்டத்தில் வேறு எந்தத் தொழிலுக்கும் அந்த அடையாளம் கிடையாது. எனக்கு அது வேண்டியிருந்தது. ஆராதனை ஒன்றரை மணி நேரம்தானே, அதற்குள் யார் பள்ளத்தில் விழப் போகிறார்கள் என்று எண்ணினேன். என் கணவருக்கு இது தெரியாது.

ஜனவரி 26 ஞாயிறு அன்று காலை 9.15 மணிக்கு நானும் என் கணவரும் ஆலயத்துக்குப் போனோம். வழக்கம்போல் என் போனை அணைத்து வண்டியின் முன்பெட்டியில் வைத்தேன். பக்கத்துக்கு வருவது அந்த ஒரு போனுக்குத்தான் வரும். அன்று ஆராதனைக்குப் பிறகு வருடாந்தரச் சபைக் கூட்டமும் அதன் பின் பொதுச் சாப்பாடும் இருந்தது. நான் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட பெரிய தட்டு ஒன்று கொண்டு போயிருந்தேன். பன் கொண்டு வருவதாகப் பெயர் எழுதியிருந்தவர் வெர்லின். அவர் வரவில்லை. காற்று கிளம்பும் என்று சொன்னார்களே, வீட்டிலேயே தங்கியிருப்பார் என்று பேசிக்கொண்டோம்.

அதன் பிறகு கூட்டத்தில் தலைவர் டுவேன் எழுந்து, சபைக்கும் ஒரு பக்கம் வேண்டும், அதை லோர்னா நடத்த வேண்டும் என்றார். எப்படி நடத்துகிறேன் என்று நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, எங்களுக்கு எழுதுகிறவர்கள் சராசரியாக நான்கு நிமிடத்துக்கு மேல் காத்திருப்பதில்லை என்று வாசித்தேன். பின்னால் இருந்த ஆர்லோ, "எங்க வீட்டுக்காரி எனக்குப் பதில் சொல்ல நாலு நாள் ஆகுது, அவளையும் கொஞ்சம் உன் நோட்டுல சேர்த்துக்கோ லோர்னா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுவரில் இருந்த கடிகாரத்தில் அப்போது மணி 12.20.

சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, 1.35 மணிக்கு வண்டியில் ஏறி போனைப் போட்டேன். வெர்லினிடமிருந்து மூன்று மெசேஜ் இருந்தது. அவை பின்வருமாறு.

காலை 9.52: "லோர்னா, டாலஃப்சன் குளத்து ரோட்டுல பள்ளத்துல இறங்கிட்டேன். பன்னுக்கு ஒண்ணும் ஆகல. அவசரம் இல்ல, மெதுவா வாங்க."

காலை 11.05: "இங்கதான் இருக்கேன். காத்து ஆரம்பிச்சிருச்சு. புகைக்குழாய்ல பனி அடைக்குது, அதனால என்ஜினை நிறுத்திட்டேன்."

பகல் 12.15: "ரோட்டுல வந்துட்டிருப்பீங்க, டைப் பண்ண முடியாதுன்னு தெரியும். சும்மா சொன்னேன்."

முதல் மெசேஜுக்குக் கீழே என் பதில் இருந்தது. நேரம் 9.52 என்றே இருந்தது. மற்ற இரண்டுக்கும் எதுவும் போகவில்லை; தானாகப் போவது ஒருவருடைய அன்றைய முதல் மெசேஜுக்கு மட்டும்தான்.

நான் போனை என் கணவரிடம் காட்டினேன். அவர் கோவில் உடுப்போடு நேராகப் பணிமனைக்குப் போய்ப் பெரிய வண்டியை எடுத்தார். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டு 911-க்குச் சொன்னேன். குளத்து ரோட்டில் காற்றில் பறந்த பனியில் எங்கள் வண்டியின் மூக்கு கூடத் தெரியவில்லை. வேலிக் கம்பங்களை நான் எண்ணிச் சொல்லச் சொல்ல அவர் ஓட்டினார். 2.20-க்கு வெர்லினின் வண்டி தெரிந்தது. அவர் உணர்வோடு இருந்தார். பன் தட்டு துண்டு மூடி மடியில் இருந்தது. இரண்டு பன் குறைந்திருந்தது. புகைக்குழாயைச் சுத்தம் செய்யக் கோவிலுக்குப் போடும் மெல்லிய ஷூவோடு மூன்று முறை இறங்கியிருக்கிறார். அவர் என்னிடம், "பன்னு ஆறிப் போச்சும்மா" என்றார்.

அதன் பிறகு நகர மருத்துவமனையில் அவருடைய இடது காலில் குளிரில் உறைந்துபோன நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவர் மகள் ரெனே தங்களிடம் புகார் கொடுத்தார். அது நியாயமான புகார்.

30-ஆம் தேதி தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அதற்கு முன்பே காப்பீட்டு ஆள் ஒருவர் போனில் சொல்லிக் கொடுத்திருந்தபடி என் கணவர் பேசினார். நான் தங்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே ஊற்றினேன். ஒன்றும் சொல்லவில்லை. அதையும் இதில் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 6 அன்று மருத்துவமனைக்குப் போய் வெர்லினைப் பார்த்தேன். முதல் மெசேஜ் எழுதும்போது வானம் தெளிவாக இருந்ததா என்று கேட்டேன். டாலஃப்சன் வீட்டுத் தகரக் குதிர்கள் கையெட்டும் தூரத்தில் தெரிந்தன, பத்து நிமிடத்தில் நடந்திருக்கலாம், கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டேன், அதற்குள் உன் பதில் வந்தது, காலை உள்ளே எடுத்துக்கொண்டேன் என்றார். அப்புறமாவது 911-க்கு எழுதியிருக்கலாமே என்றேன். "நீங்க வந்துட்டே இருக்கீங்கன்னு சொன்னப்புறம் இன்னொருத்தரைக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்? நம்பலையான்னு நினைச்சுக்க மாட்டீங்க?" என்றார். அது மெஷின் அனுப்பிய பதில், அப்போது நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். நான் சொன்னது காதில் விழவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "பேரு போட்டிருந்துச்சே லோர்னா" என்றார்.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்துவிட்டேன். பக்கத்தோடு வந்த அந்த வறட்டு வாசகத்தை அப்படியே விட்டிருந்தால் அவர் நடந்து போயிருப்பார். நான் அதை நன்றாக எழுதியதால்தான் அவர் உட்கார்ந்திருந்தார். மோசமாக வேலை செய்து இது நடக்கவில்லை.

நேற்று சாப்பாட்டின்போது இங்கே வரப் போவதை என் கணவரிடம் சொன்னேன். "நீ எழுதினே, சரி. அனுப்பினது மெஷின்தானே? நான் சொன்னதுல என்ன பொய் இருக்கு?" என்றார். "அந்த மெஷின் என் பேரை எங்கேயிருந்து எடுத்துச்சுங்க?" என்று கேட்டேன். பட்டியல் போனால் இரண்டாவது வண்டியை விற்க வேண்டி வரும், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். இன்று காலை அவரே வண்டியிலிருந்து பனியைச் சுரண்டிவிட்டு, ஏறு என்றார். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார்.

பக்கத்தை நான் மூடவில்லை. காலை ஆறு மணிச் சாலை நிலவரத்தைப் பார்த்துத்தான் பள்ளிப் பேருந்துகள் கிளம்புகின்றன. முதல் பதிலை மட்டும் மாற்றியிருக்கிறேன். இது மெஷின் அனுப்புவது, உங்கள் மெசேஜை இன்னும் எந்த மனிதரும் படிக்கவில்லை, ஆபத்து என்றால் எங்களுக்காகக் காத்திருக்காமல் 911-க்குப் பேசுங்கள் அல்லது எழுதுங்கள் என்று இருக்கிறது. அதில் என் பெயர் இல்லை. பச்சை அடையாளம் மறுபடி போய்விட்டது. நேற்று முன்தினம் ஞாயிறு மத்தியானம் 1.10-க்கு மருத்துவமனையிலிருந்து வெர்லின் ஒரு மெசேஜ் அனுப்பி, இந்தப் பதிலைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் அனுப்பியிருந்தார்: "இது மெஷின்னு மெஷினே சொல்லுது. நீ எப்ப வருவே?" திங்கள் காலை 6.05-க்குப் பார்த்தேன், செவ்வாய்க்கிழமை வருவதாக எழுதினேன். பதினாறு மணி ஐம்பத்தைந்து நிமிடம் என்று நோட்டில் குறித்திருக்கிறேன். இங்கிருந்து நேராக அங்கேதான் போகிறோம்.

துணை ஷெரிஃப் அவர்கள் இதை எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறை முழுவதும் படித்தேன். இதில் உள்ளது அத்தனையும் உண்மை. முன்கூட்டி எழுதி வைத்தது எதுவும் இதில் இல்லை. சொல்லும்போது நான் இங்கேதான் இருந்தேன்.

(ஒப்பம்) லோர்னா ட்வெய்ட்
11.02.2025, காலை 11.48

என் முன்பாகச் சொல்லப்பட்டுப் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) கென்ட்ரா ஓலெஸ்டாட், துணை ஷெரிஃப்