கண்ணாடிப் பெட்டியின் சாவி

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் தவசிமுத்து ஐயா அவர்களே, முன்வரிசையை முழுதாய்ப் பிடித்துக்கொண்ட பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் தாய்மார்களே, ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் திரண்டிருக்கும் பழைய மாணவர்களே, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அறிவியல் ஆசிரியை ஹஸீனா டீச்சர் அவர்களே! டீச்சரின் பழைய மாணவி காளீஸ்வரியின் கனிந்த வணக்கம்.

டீச்சர் நமக்கு எதைக் கற்றுத் தந்தார்கள்? பாடத்தையா? பாடம் புத்தகத்திலேயே இருக்கிறது. மதிப்பெண்ணையா? அது டியூஷனிலும் கிடைக்கும். பார்க்கக் கற்றுத் தந்தார்கள்! பயப்படாமல் பார்க்க, பார்த்ததை நம்ப, நம்பியதையும் மறுபடி பார்க்கக் கற்றுத் தந்தார்கள்!

ஒரு மழைக்காலம். வன்னியம்பட்டியில் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள் டீச்சர். யார் கேட்டது? "தண்ணி பளிங்கு கணக்கா கெடக்கு. இதுல என்ன டீச்சர் இருக்கு?" என்று மறித்தவர் நம் மலைச்சாமி அண்ணாச்சி. சிரிக்காதீர்கள், அவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்! டீச்சர் வாதாடவில்லை. மறுநாள் பள்ளியின் ஒரே மைக்ரோஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கோயில் வாசல் வெயிலில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு, "நீங்களே பாருங்க அண்ணாச்சி" என்றார்கள். குனிந்தவர் நிமிரவே இல்லை. "ஆத்தாடி! எம்புட்டு உசுரு நெளியுது!" அன்று சாயங்காலம் ஊரில் தண்ணீர் காயாத அடுப்பு இல்லை.

அந்த நன்றியில்தான் அண்ணாச்சி இன்று தேக்கில் கண்ணாடிப் பெட்டி செய்து, அதே மைக்ரோஸ்கோப்புக்கு மாலை போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். லென்ஸிலும் சந்தனம், குங்குமம்! "ஏட்டி, இப்படிப் பொட்டு வச்சா எதைப் பாக்க?" என்று டீச்சர் என் காதில் கேட்டார்கள்.

சிரித்துவிட்டேன். ஆனாலும் மனசு வலிக்கிறது. பள்ளியில் இன்றைக்கும் அது ஒன்றுதான். நாளைக்கு வரும் பிள்ளைகள் எதில் பார்ப்பார்கள்?

என்ன அண்ணாச்சி, "பத்திரமா இருக்கணும்லா" என்கிறீர்களா? பத்திரப்படுத்தவா டீச்சர் அதைப் பஸ்ஸில் சுமந்து வந்தார்கள்? பூட்டி வைத்திருந்தால் அன்று நீங்கள் பார்த்திருப்பீர்களா? அந்த வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த உங்கள் மகள் மகாலட்சுமி பிழைத்திருப்பாளா? கையெடுத்துக் கேட்கிறேன். பெட்டிக்குள் டீச்சரின் படம் இருக்கட்டும். மைக்ரோஸ்கோப் வகுப்புக்குப் போகட்டும். கீறட்டும், தேயட்டும், பிள்ளைகள் கைபட்டுப் பழசாகட்டும்!

அண்ணாச்சி மேடைக்கு வருகிறார். மடியை அவிழ்க்கிறார். சாவி! கைதட்டுங்கள்! என்ன அண்ணாச்சி, மைக்கிலேயே சொல்லுங்கள். "நாளைக்கு எங்க ஊர்த் தண்ணி கொண்டாரேன் டீச்சர். செத்த பாத்துச் சொல்லணும்" என்கிறார்.

டீச்சரின் பதில் கடைசி வரிசைக்குக் கேட்டதா? "நீங்களே பாருங்க அண்ணாச்சி!"

இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? பொறுமையாய்க் கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி. லென்ஸைத் துடைக்க யாராவது ஒரு வெள்ளைத் துணி கொண்டு வாருங்கள். வணக்கம்!