பேரி மேக்பையின் சாசேஜ் ரோல்

இல்ல மிஸ், நான் ஒண்ணும் ஒடைக்கல. காப்பியடிச்சேனாம். அதான் பிரின்சிபால் ரூம் வாசல்ல உக்கார வச்சிருக்காங்க. காப்பிதான்னு முடிவாச்சுன்னா, நாளைக்கு ஹோபார்ட்ல நடக்கற கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதற போட்டிக்கு நான் டீம்ல கெடையாது. ரெண்டு வருஷமா அதுக்குத்தான் உசுர விட்டேன்.

நீங்க? ஓ, எங்க கம்ப்யூட்டர் வாத்தியார் பிளாக்கெட் சாருக்கு விருது குடுக்க வந்திருக்கற மிஸ்ஸா! குடுங்க, குடுங்க. கேன்டீன்ல ஆர்டர் எடுக்கற புரோகிராமுக்குத்தானே?

மொதல்ல அவரே ஒண்ணு எழுதினாரு பாருங்க, கண்றாவி. ஆறு வருஷத்து ஆர்டரும் ஒரே நீளப் பட்டியல். ஒவ்வொருத்தன் வந்து நிக்கறப்பவும் மொத வரியிலேர்ந்து தேடும். வரிசை ஃபுட்பால் மைதானம் வரைக்கும் போயிரும், மணி அடிக்கும்போது சூடா திங்க வேண்டிய மீட் பை ஐஸ் மாதிரி கையில வரும். சார் தொண்டையச் செருமிக்கிட்டு, இந்தா இப்பிடி, க்கும், கம்ப்யூட்டருக்கு வயசாயிருச்சுப்பா, புதுசு வாங்கணும்ப்பாரு. பேரச் சொன்னா நேரா அவன் பொட்டி தெறக்கற மாதிரி அடுக்கியிருந்தா போதும் மிஸ். கம்ப்யூட்டர் என்ன பண்ணும் பாவம்.

திடீர்னு ஒரு திங்கக்கிழமை, வரிசையே இல்ல. சனி ஞாயிறு தூங்காம எழுதினேன்னாரு. எழுதல. இணையத்துல ஒருத்தன் இலவசமாப் போட்டு வச்சிருந்தத எடுத்தாரு. எடுக்கலாம், தப்பே இல்ல. ஒரே நிபந்தனை, மேல இருக்கற எழுதினவன் பேரையும் உரிமக் குறிப்பையும் அழிக்கக் கூடாது. ரெண்டையும் அழிச்சிட்டுத் தம் பேரப் போட்டுக்கிட்டாரு.

எப்பிடித் தெரியும்னா, அதோட ஒரு பேரு ஒட்டிக்கிட்டே வரும். பேரி மேக்பை, எட்டாங்கிளாஸ், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு சாசேஜ் ரோல், சாஸோட. சோதிச்சுப் பாக்க வச்ச டுபாக்கூர் பையன். ஒரு தடவ படிச்சுப் பாத்திருந்தா அந்தப் பேரத் தூக்கியிருப்பாரு. மூணு மாசமா கேன்டீன் ரோன்டா அக்கா ஜன்னல்ல தலைய நீட்டி, பேரீஈ, உன் ரோல் ஆறுதுடா தடியான்னு கத்துது. பிளாக்கெட் சாரே அசெம்ப்ளியில மைக்கப் புடிச்சு, பேரி மேக்பை உடனே வந்து என்னைப் பாக்கணும்னாரு.

போன வாரம் நான் அதே புரோகிராம அசைன்மென்ட்டா வச்சேன். தன்னோடத வரிக்கு வரி திருடிட்டான்னு எழுதிக் குடுத்துட்டாரு.

இந்தாங்க மிஸ், பாதி எடுத்துக்குங்க, சூடா இருக்கு. பேரி மேக்பையோட ரோல்தான், இன்னிக்குத்தான் மொத தடவ போய் வாங்கினேன். இணையத்துல நான் புரோகிராம் போடறது அந்தப் பேர்லதான். ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதியோட இருக்கு, பாஸ்வேர்டு போட்டே காட்டறேன்.

பாத்து மிஸ், சாஸ் விருதுமேல ஒழுகுது.