வெட்டச் சொன்ன வசனம்

"குனியுங்கோ! குனியுங்கோ!"

யாரோ கத்துகிறார்கள். தூரத்தில் ஒரு 'டும்'. பிறகு கூவல். கூவல் நீண்டு கேட்டால் தலைக்கு மேலால் போகிறது. இடையில் நின்றால் எங்களுக்குத்தான். நின்றது.

வாய்க்குள் மண். காதுக்குள் ஒரே இரைச்சல். பங்கருக்கு மேல் அடுக்கிய மண்மூட்டைகள் கிழிந்து மணல் கொட்டுகிறது. அந்த மூட்டைகளை நான்தான் தைத்தேன். என் கூறைச்சேலையில் தைத்தேன். முருகா, முருகா என்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது, பங்குனி. போரின் கடைசி மாதங்கள். மாத்தளன். திகதி சொல்லத் தெரியாது. வெள்ளிக்கிழமை என்று தெரியும். அன்று எனக்கு விரதம். "சாப்பாடே இல்லாத இடத்தில என்னப்பா விரதம்?" என்று காலையில் இவர் சிரித்தார். இவர் என் கணவர் யோகராசா. ஒரு சின்னப் பத்திரிகையில் மெஷின் வேலை. ஒவ்வொரு இடப்பெயர்விலும் பத்திரிகையும் எங்களோடு இடம்பெயர்ந்தது. கடைசியில் மிஞ்சியது கையால் சுற்றும் ரோனியோ மெஷின் ஒன்று. பேப்பர் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அடித்தார்கள். ஒரு பக்கம். பெரும்பாலும் செத்தவர்களின் பெயர்.

"வெளிக்கிடாதேங்கோ! அடுத்தது வருது!"

நான் வெளிக்கிட்டேன். இவர் பங்கருக்குள் இல்லை. தறப்பாள் கூரைக்குக் கீழே மெஷினோடு நின்றவர். தறப்பாள் இல்லை. மெஷின் இல்லை. இவர் இருக்கிறார். இடுப்பில் காயம். கையில் மை. மையா இரத்தமா என்று பார்க்க எனக்கு நேரமில்லை.

இங்கே போங்கள், இங்கே அடிக்கமாட்டோம் என்று அரசாங்கம் வானொலியில் சொன்ன இடம் அது. போனோம். அடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் படுக்க இடமில்லை. மருந்தும் இல்லை. பின்னேரம் சனம் கடலேரிப் பக்கம் நகர்ந்தது. தண்ணீரைக் கடந்தால் அந்தப் பக்கம் ஆமி. அவர்களிடம் டொக்டர் இருப்பார் என்றார்கள். அடித்தவனிடமே போகிறோம். வேறு வழி தெரியவில்லை. பக்கத்துப் பங்கர் செல்வமலரும் நானும் பேப்பர் போடுகிற சைக்கிளில் இவரைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போனோம். மணலில் சில்லுப் புதைந்தது. இவர் முனகவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"திரும்பிப் போங்கோ! ஒருத்தரும் போகேலாது!"

எங்கள் பெடியள், இயக்கத்துப் பெடியள். துவக்கோடு கரையில் நின்றார்கள். முதலில் மேலே சுட்டார்கள். பிறகு எங்கள் காலடி மணலில். சிறிய சத்தம். பட், பட். ஒருவனுக்கு மீசைகூட அரும்பவில்லை. அவனும் அழுதுகொண்டுதான் நின்றான். நான் காலில் விழுந்தேன். "அம்மா, போங்கோ அம்மா, எனக்கு ஓடர்," என்றான்.

திரும்பினோம். சனிக்கிழமை விடிய இவர் செத்தார்.

எறிகணை பட்டது. கரையில் திருப்பிவிட்டார்கள். இரண்டும் நடந்தது.

இப்போது ரொறன்ரோ. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடி. விளக்கேற்றுகிறேன். திருநீறு பூசுகிறேன். சப்வேயும் பஸ்ஸும் எடுத்து ஸ்காபரோவுக்குப் போகிறேன். தர்சினி கூப்பிட்டிருக்கிறாள், என் கதையைப் பதிவு செய்ய.

தர்சினி ஒரு இணைய வானொலி நடத்துகிறாள். பகலில் மருந்துக்கடையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் இது. சம்பளம் கிடையாது. செய்தி வாசிக்க யாரும் காசு தருவதில்லை. மரண அறிவித்தல் வாசித்தால்தான் வானொலி ஓடும். ஊரில் இவர் செத்தவர்களின் பெயரைச் சும்மா அடித்தார். இங்கே செத்தவர்கள்தான் செய்தியைக் காப்பாற்றுகிறார்கள்.

ஸ்டூடியோ என்பது சபேசன் வீட்டு நிலக்கீழ் அறை. சபேசன் வீடு விற்கிற ஏஜென்ட். வாடகை வாங்குவதில்லை. விளம்பரமும் தருகிறார். பக்கத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ். வேலை செய்யத் தொடங்கினால் 'ஹூம்' என்று இரையும். முதல் நாள் அந்தச் சத்தத்துக்கு நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். தர்சினியும் கீழே வந்து பக்கத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு ஃபேர்னஸை நிறுத்திவிட்டுத்தான் பதிவு. மாசி மாதக் குளிர். ஜக்கெற், தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு பேசினேன். வாயிலிருந்து புகை போனது. மேலே இருந்த வீட்டுக்காரர் குளிர் தாங்காமல் காலால் நிலத்தில் இடித்தார்கள்.

எல்லாம் சொன்னேன். சொல்லி முடிய அவள், "அன்ரி, உங்களை நம்பாமல் இல்லை. ஆனா இன்னொரு ஆளும் சொல்லவேணும்," என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு சரியென்று பட்டது. செல்வமலர் இப்போது பிக்கரிங்கில். தேடிப் பிடித்தாள். "ஓம், நானும் பாத்தனான். அப்பிடித்தான் நடந்தது. என்ர பேரை மட்டும் போடாதேங்கோ," என்று செல்வமலர் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த கிழமை சபேசன் கீழே இறங்கி வந்தார். கையில் எனக்கும் ஒரு தேத்தண்ணி. நல்ல மனுசன்தான்.

"அக்கா, ஷெல் அடிச்சதைச் சொல்லுங்கோ. நல்லாச் சொல்லுங்கோ. அந்தக் கரைக் கதையை மட்டும் விடுங்கோ. எங்கட பெடியளை நாங்களே குறை சொல்லுறதோ? ஒரு வசனம்தானே?"

தர்சினி, "ஏனண்ணை?" என்றாள்.

"நான் வீடு விக்கிறவன் பிள்ளை. சுவரில வெடிப்பிருந்தா பெயின்ற் அடிச்சுத்தான் ஆக்களுக்குக் காட்டுவன்."

"அண்ணை, இது விக்கிற வீடில்லை."

"உது வாய்க்கு நல்லாயிருக்கு. நாளைக்கு என்ர விளம்பரம் நிண்டா, மற்றவையின்ர விளம்பரமும் நிக்கும். பிறகு உந்த மைக்கை வைச்சு ஆரோட கதைக்கப்போறாய்?"

மற்றப் பக்கமும் அவளுக்குத் தெரியும். முன்பொருமுறை, அரசாங்கத்தைப் பகைக்க விரும்பாத ஒரு நிறுவனத்தில் வானொலிக்கு உதவித்தொகை தருகிறோம் என்றார்கள். எறிகணை எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் 'மோதலில் சிக்கி இறந்தனர்' என்று சொல்லச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். அதுவும் போனது.

சபேசன் மேலே போனபின் அவள் என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் நித்திரையில்லாத சிவப்பு.

"அன்ரி, இது உங்கட வாயால வந்த வசனம். நீங்கள் சொன்னா வெட்டுறன். வேற ஆர் சொன்னாலும் வெட்டமாட்டன்."

எனக்குக் களைப்பாக இருந்தது. வெட்டு பிள்ளை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் போலிருந்தது. செத்தவர் எழும்பி வரப்போவதில்லை. இந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரு அறையும் ஏன் போகவேண்டும்?

அப்போது மாத்தளன் நினைவு வந்தது. இவர் காயப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு. மெஷினில் இருந்து வந்தார். கரையில் பெடியளிடம் சுடுபட்ட ஒருவரின் பெயரை அன்று அடித்திருந்தார். பேப்பரில் 'எறிகணை வீச்சில்' என்று போடச் சொன்னதாம் இயக்கம். "எங்கட பேப்பரில எல்லாரும் ஷெல்லிலதான் சாகினம்," என்றார். மறுக்க அவருக்கு இடம் இருக்கவில்லை. சனத்தைச் சுற்றித் துவக்கு.

இங்கே துவக்கு இல்லை. ஒரு அறைதான் போகும்.

"பிள்ளை, இந்த இடம் போனா என்ன செய்வாய்?"

"கார் இருக்கு அன்ரி."

"காரில ஹீற்றர் வேலை செய்யுமோ?"

"இஞ்ச மட்டும் ஹீற்றரைப் போட்டுக்கொண்டோ றெக்கோட் பண்ணுறம்?"

இருவரும் சிரித்தோம். நான், "வெட்டாதை," என்றேன்.

ஒலிபரப்பானது. முழுதாக.

கிழமை முடிய முன்பே அறைக் கதவுப் பூட்டின் நம்பர் மாறியது. மைக்கையும் வயர்களையும் சபேசன் தானே பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். "கோவம் இல்லை அக்கா. எனக்கும் சனம் வேணும்," என்றார். எனக்கும் அவரில் கோபமில்லை. றிச்மண்ட் ஹில் கோயிலில் என்னோடு மரக்கறி வெட்டுகிற பெண்கள் இரண்டு பேர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். பிள்ளையாரிடம் முறையிட்டேன். பிறகு மிச்சப் பூசணிக்காயை வெட்டினேன்.

இழந்ததை எழுதுகிறேன். மறக்கக்கூடாது.

ரொறன்ரோவில்: ஒரு அறை. ஒரு விளம்பரம், அதன் பின்னால் போன மற்ற விளம்பரங்கள். மரண அறிவித்தல்கள் எல்லாம். கோயிலில் இரண்டு சிநேகிதிகள். தர்சினி இப்போது காருக்குள் இருந்து செய்தி வாசிக்கிறாள். நித்திரை இன்னும் குறைந்துவிட்டது.

மாத்தளனில்: ஒரு ரோனியோ மெஷின். ஒரு சைக்கிள். ஒரு கூறைச்சேலை. எங்கள் பங்கரிலும் செல்வமலரின் பங்கரிலும் பதினொரு பேர் இருந்தோம். அங்கிருந்து உயிரோடு வெளியே வந்தது நான்கு பேர்.

வராதவர்களில் ஒருவர் யோகராசா. வயது நாற்பத்தொன்று. பத்திரிகைத் தொழிலாளி. வெள்ளிக்கிழமை எறிகணையில் காயப்பட்டார். அன்று பின்னேரம் கடலேரிக் கரையில் எங்கள் ஆட்களே திருப்பிவிட்டார்கள். சனிக்கிழமை விடிய இறந்தார். புதைத்த இடத்தில் அடையாளம் எதுவும் வைக்க முடியவில்லை.