கவினுக்கு நான் கொடுத்த பால்

"மேல போங்க! பிள்ளைங்கள தூக்கிட்டு மேல போங்க!"

சிஸ்டர் கத்துகிறார். குழந்தைகள் வார்டுக்குள் மழைத்தண்ணீர். முழங்கால் வரை. மதியம் இரண்டு பத்து. கரண்ட் இல்லை. கட்டிலுக்கு அடியில் தட்டுகள் மோதுகின்றன. டங். டங்.

என் தோளில் மகள் யாழினி. பக்கத்துக் கட்டிலில் கவின். ஐந்து வயது. இருவரும் எடை குறைந்து மெலிந்த பிள்ளைகள்; மூக்கு வழியே வயிற்றுக்குக் குழாய். யாழினிக்குப் பால் கொடுத்தாகிவிட்டது. கவினுக்கு இப்போதுதான் இறங்குகிறது. ஊசியில்லாத சிரிஞ்சைக் குழாயில் செருகி, உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறேன்.

கவினின் அம்மா செல்வி காலையில் பெரிய மார்க்கெட்டுக்கு மீன் விற்கப் போனார். "அண்ணா, ரெண்டு மணிப் பால மட்டும் குடுத்துடுங்க. சாயங்காலம் வந்துடறேன்" என்றார்.

"நான் யானை. மூக்குலதான் சாப்புடுவேன்" என்றான் கவின். யாழினி சிரித்தாள்.

சிஸ்டர் எங்களுக்கு இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒருவேளைப் பாலையும் விடக்கூடாது. பாலை அழுத்தித் தள்ளக்கூடாது, தானாக இறங்க வேண்டும்.

தண்ணீர் ஏறுகிறது. சிரிஞ்சில் பாதிப் பால் நிற்கிறது. குழாயை அப்படியே மூடிவிட்டுப் பையனைத் தூக்கியிருக்கலாம். பையன் பட்டினி கிடப்பானே என்று நினைத்தேன். கட்டைவிரலால் அழுத்தினேன். மூன்று நொடி. அவ்வளவும் போனது.

இருவரையும் தூக்கிக்கொண்டு படியேறுகிறேன். ஒன்பதாவது படி. கவின் இருமுகிறான். வாயிலும் மூக்கிலும் பால். உதடு நீலம். மூச்சில் கரகர சத்தம்.

மேலே ஆக்சிஜன் வைத்தார்கள். பால் நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர். வாந்தி எடுத்தான் என்று மட்டும் சொன்னேன். அழுத்தியதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு இருபது. மூச்சுச் சத்தம் நின்றது.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இருந்ததால பசியோட போகல அண்ணா, எம்புள்ள."

தலையாட்டினேன்.

இனி இந்த வார்டுக்கு வரப்போகும் பிள்ளைகளே, கவினை மழை கொண்டுபோனது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உங்களுக்கும் அப்படித்தான் சொல்வார்கள். மழை இல்லை. நான். செல்வியிடம் சொல்ல இரண்டு முறை அவர் வீட்டு வாசல்வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

வார்டிலிருந்து போனவற்றின் கணக்கு இது. கட்டில்கள் பன்னிரண்டு. பால் பவுடர் டின்கள் பதினொன்று. கேஸ் நோட்டுகள் அத்தனையும். பிள்ளை ஒன்று. பெயர் கவின். சேர்த்தபோது எடை பத்து கிலோ. கடைசியாக நிறுத்தபோது பதினொன்றே கால். தேறிக்கொண்டிருந்தான்.