ஒன்பதாவது பெயர்

எனக்குப் பொரித்த பாலாடைக்கட்டி ரொம்பப் பிடிக்கும். ஆர்வில் டெஷ் எனக்குப் பழக்கமானதே அதனால்தான்.

தேர்தல் பிரசாரச் செய்திக்காக விஸ்கான்சின் போயிருந்தபோது, ஒரு சந்தையில் மழைக்கு ஒதுங்கினேன். பால் கூட்டுறவுச் சங்கக் கடையில் நின்ற பெரியவர் ஒரு தட்டு நிறையக் கொடுத்தார். "சாப்பிடுங்க தம்பி. உங்க வாஷிங்டன்ல இது ரப்பர் மாதிரில்ல இருக்கும்" என்றார். அந்தச் சங்கத்துக்குத் தலைவர். சொந்தமாக அறுபத்திரண்டு மாடுகள், ஒவ்வொன்றுக்கும் பெயர். அவ்வளவுதான் அவர்.

நவம்பரில் அதிபர் தேர்தல் முடிந்ததும் வாஷிங்டனில் எல்லோருக்கும் ஒரே வேலை: எந்தத் துறைக்கு யார் அமைச்சர். வாய்ப்புள்ளவர்கள் யார் யார் என்று தினமும் காலையில் நான் வாசகர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு பட்டியல் அனுப்புவேன். மற்றப் பத்திரிகைக்காரர்கள் அதை அப்படியே எடுத்துத் தங்கள் செய்தியாகப் போட்டுவிட்டு, 'நம்பகமான வட்டாரம்' என்பார்கள். யார் திருடுகிறார்கள் என்று பார்க்க, யாருக்குமே தோன்றாத ஒரு பெயரை நடுவில் சொருக நினைத்தேன். வேளாண் துறைக்கு ஒன்பதாவதாக ஆர்வில் டெஷ் என்று எழுதினேன்.

இரண்டே நாளில் மூன்று பத்திரிகைகள் மாட்டின. ஒன்றில் அவர் ஆறாவது. மூன்றாம் நாள் தொலைக்காட்சியில் நான்காவது. அதில் ஒருவர், "டெஷ் பேரை நான் பத்து நாளா கேள்விப்படுறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்று மாலை அவரே கூப்பிட்டார். "தம்பி, ஆர்வில் பேசுறேன். டிவில என் பேரைச் சொல்றாங்க. எவனாவது வெளையாடுறானா?"

"யார் சொன்னாங்கன்னு நான் சொல்லக்கூடாது சார்."

அது பொய் இல்லை. எங்கள் தொழிலில் யாருக்கும் சொல்கிற பதில்தான்.  அவர் உடனே, "வில்மா, இங்க வந்து இதைக் கேளு" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அப்போதே திருத்தம் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். போட்டால், வேண்டுமென்றே ஒரு பெயரைச் சொருகினேன் என்று தெரிந்துவிடும். அப்புறம் என் பட்டியலை யார் படிப்பார்கள்? பெயர் என் கையை விட்டுப் போயிருந்தது. நான் என்ன செய்ய முடியும்?

டிசம்பரில் மறுபடி கூப்பிட்டார். "அமைச்சரானா சொந்தப் பண்ணை இருக்கக்கூடாதாமே. மாட்டையெல்லாம் குடுத்துடணுமா தம்பி?"

"பொதுவா முன்னாடியே வித்துடுவாங்க சார். அப்பதான் பேர் நிக்கும்."

"ஷெர்லியை மட்டும் வச்சுக்கட்டுமா? கெழடு. எவனும் வாங்க மாட்டான்."

"ஒண்ணு இருந்தாலும் கேள்வி கேப்பாங்க சார்."

பொதுவாக என்றுதான் சொன்னேன்.

அவர் மாடுகளின் ஏலம் முடிந்த மறுநாள் என் தலைப்பு, 'மந்தையை விற்றார் டெஷ்: பதவி உறுதியா?' அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அன்று அவரை முதலிடத்தில் போட்டேன். ஒரு மனிதர் அத்தனை மாட்டையும் விற்கிறார் என்றால் சும்மாவா? எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்த வாரம் புது அதிபர் வேறொருவரை அறிவித்தார். டெஷ் ஏழு தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. எனக்குத் துணை அமைச்சர்கள் பட்டியல் வேலை இருந்தது.

மீதியை, அவர் ஊர்ப் போலீஸ் அதிகாரியான நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். பால் கறக்கிற நேரத்துக்குத் தினமும் எழுந்து, காலித் தொழுவத்தில் போய் உட்கார்ந்திருப்பாராம். பனிப்புயல் அடித்த அன்றும் வெறும் சட்டையோடு போனாராம். ஷெர்லியைக் கட்டுகிற இடத்தில் அவர் உடலைக் கண்டெடுத்தீர்களாம்.

பெயரைப் போட்டது நான். மாட்டை விற்கச் சொன்னதும் நான். மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

போன வாரம் வில்மா பேசினார். "அவருக்கு நெஜமாவே ஒரு வாய்ப்பு இருந்துச்சா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

மனசு கேட்கவில்லை. "கடைசி ரெண்டு பேர்ல ஒருத்தரா இருந்தாரும்மா" என்றேன். அழுதார். நன்றி சொன்னார்.

வேளாண் துறையில் துணை அமைச்சர் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நாளைய பட்டியலில் ஒன்பதாவதாக வில்மா டெஷ் என்று போட்டிருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்கு என்னால் முடிந்தது அதுதான்.